சரவிளக்கா, சுழல்மேடையா?

மேடை இசை நாடக ரசிகர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், அரை மணி நேரத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்: 'லெ மிசராப்ல்' உசத்தியா, 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பரா' உசத்தியா?

இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. முதலாவது லண்டனில் 1985 அக்டோபர் 8 அன்று மேடையேறியது. இரண்டாவது 1986 அக்டோபர் 9 அன்று. இரண்டின் பின்னாலும் தயாரிப்பாளர் கேமரன் மக்கின்டாஷ் இருந்தார். இரண்டுக்கும் மூலம் பிரெஞ்சு நாவல். ஒன்று விக்தோர் ஹ்யூகோ எழுதியது, மற்றது கஸ்தோன் லெரூ எழுதியது. கதையின் முக்கியப் பகுதி இரண்டிலும் பாரிஸில்தான் நடக்கிறது. இவ்வளவு ஒற்றுமையோடு இவ்வளவு வேறுபட்ட இரண்டு நாடகங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் 'லெ மிசராப்ல்' கட்சி. ஆனால் முதல் முறை பார்க்கிறவருக்கு 'ஃபேன்டம்' தரும் பரவசத்தை மறுக்கவே மாட்டேன். ஆரம்பமே ஏலத்தில். தூசி படிந்த பழைய அரங்கம், துணி போர்த்திய சரவிளக்கு. துணி விலகுகிறது, விளக்கு எரிகிறது, ஆர்கன் இசை முழங்க அது நம் தலைக்கு மேலே எழும்பிப் போகிறது. பழைய அரங்கம் கண் முன்னால் மறுபடி உயிர் பெறுகிறது. பிறகு முதல் பாதி முடியும்போது அதே விளக்கு கீழே வருகிறது. லெரூவுக்கு இந்த யோசனை சும்மா வரவில்லை. 1896இல் பாரிஸ் ஆப்பரா அரங்கில் சரவிளக்கின் எடைக்கல் நிஜமாகவே விழுந்து ஒரு பெண் இறந்திருக்கிறார்.

இதையெல்லாம் கண்ணுக்குக் கொண்டுவந்தவர் வடிவமைப்பாளர் மரியா பியோர்ன்சன். அரங்குக்கு அடியிலுள்ள ஏரியில் படகு போகும்போது மேடைத் தரையிலிருந்து மெழுகுவத்திகள் பனிமூட்டத்தினூடே எழும்பி வருமே, அந்தக் காட்சி இன்றைக்கும் பழசாகவில்லை. இயக்குநர் ஹால் பிரின்ஸ் மேடையின் பெரும்பகுதியைக் கறுப்பாகவே விட்டுவைத்தார். வெளிச்சம் விழுகிற இடம் குறைவு என்பதால் மீதியை நம் மனசு வரைந்துகொள்கிறது. 'ஃபேன்டம் வெறும் ஆடம்பரம்' என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

'லெ மிசராப்ல்' பக்கம் வந்தால், ஜான் நேப்பியரின் மூல அமைப்பில் பெரிய அலங்காரமே கிடையாது. ஒரு சுழல்மேடை, புகை, டேவிட் ஹெர்சியின் விளக்குகள். அவ்வளவுதான். ரொட்டி திருடிச் சிறை போய் வெளியே வந்த வால்ஜான் நடக்கிறார், தரை எதிர்த்திசையில் சுழல்கிறது. நடந்தும் நகராத அந்த உருவத்திலேயே அவருடைய பல வருட அலைச்சல் தெரிந்துவிடும். கதை 1815, 1823, 1832 என்று தாவுவதை அந்தச் சுழற்சிதான் தாங்கிப் பிடித்தது. உச்சம், கிளர்ச்சி செய்யும் மாணவர்கள் தெருவில் எழுப்பிய தடுப்பரண் சுழலும் இடம். சண்டை முடிந்து சத்தம் அடங்கியதும் மேடை மெதுவாகத் திரும்பும். இதுவரை நாம் பார்க்காத மறுபக்கத்தில், செங்கொடி மேல் அவர்கள் தலைவன் என்ஜோல்ராஸ் தலைகீழாகக் கிடப்பான். யாரும் எதுவும் பாடமாட்டார்கள்.

25ஆம் ஆண்டுக்காக உருவாக்கிய புதிய அமைப்பில் சுழல்மேடையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் ஹ்யூகோவே வரைந்த ஓவியங்களை அடிப்படையாக வைத்துத் திரைக்காட்சிகள். லண்டனிலும் 2019இல் பழைய அமைப்பு விடைபெற்றது. எனக்கு இதில் வருத்தம்தான். நடையின் எடை போய்விட்டது. ஆனால் ஒரு விஷயத்தில் புதியது பழையதைவிட நன்றாக இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். சிறுவன் கவ்ரோஷ் தோட்டா பொறுக்கப் போகிற காட்சி. முன்பு மேடை திரும்பி அவனைக் காட்டும். இப்போது அவன் தடுப்பரணுக்கு அப்பால் போனதும் நமக்குக் குரலும் வெடிச்சத்தமும் மட்டும்தான். மேடையில் இருக்கிறவர்களோடு நாமும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறோம். பார்க்கிறதைவிட அந்தக் காத்திருப்பு கொடுமையாக இருக்கிறது.

இசை. இங்கேதான் என் ஓட்டு முடிவாகிறது. 'லெ மிசராப்ல்' இசையமைப்பாளர் க்ளோத்-மிஷேல் ஷோன்பெர்க் ஒரே மெட்டை வேறு வேறு ஆட்களிடம் கொடுத்துப் பாட வைக்கிறார். திருடியதைப் பாதிரியார் மன்னித்துவிட்ட பிறகு வால்ஜான் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு பாடுகிறாரே, அவரைத் துரத்தும் போலீஸ் அதிகாரி ஜாவேர் கடைசியில் பாலத்தில் நின்று பாடுவதும் அதே மெட்டுதான். இருவருக்குமே யாரோ ஒருவர் கருணை காட்டியிருக்கிறார்கள். ஒருவர் அதனால் பிழைக்கிறார். இன்னொருவரால் அதைச் செரித்துக்கொள்ள முடியாமல் ஆற்றில் விழுகிறார். வசனம் எதுவும் விளக்க வேண்டியதில்லை. அதேபோல, பசித்து வந்தவனைப் பாதிரியார் உள்ளே அழைக்கும் மெட்டுதான், நண்பர்களெல்லாம் செத்த பிறகு காலி நாற்காலிகளுக்கு நடுவே, கிளர்ச்சியில் உயிர் தப்பிய மாரியஸ் பாடுவதும். விருந்தோம்பலின் மெட்டு இழவின் மெட்டாகிறது. எனக்கு இது இரண்டாம் முறைதான் பிடிபட்டது. அதற்கப்புறம் அந்தக் காட்சியில் கண் கலங்காமல் இருந்ததில்லை.

'ஃபேன்டம்' இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாய்ட் வெபரும் இந்த வித்தை தெரிந்தவர்தான். கூரை மேல் இளம் பிரபு ராவுல் பாடகி க்ரிஸ்டீனிடம் காதலைச் சொல்லும் மெட்டை, அரங்கின் அடியில் முகமூடியோடு ஒளிந்து வாழ்ந்து அவளையே காதலிக்கும் ஃபேன்டம் மறைந்து நின்று கேட்டுவிடுகிறான். கடைசியில் அவளிடம் கெஞ்சும்போது அவன் வாயிலிருந்து வருவது ராவுலின் அதே வார்த்தைகள். காதலைச் சொல்ல அவனுக்கென்று ஒரு சொல்கூட இல்லை. கேட்டதைத்தான் திருப்பிச் சொல்கிறான். அந்த நாடகத்தின் மிகப் பெரிய கணம் சரவிளக்கு விழுவது அல்ல, இதுதான். ஆனால் இப்படிப்பட்ட இடங்கள் அதில் குறைவு. பல மெட்டுகள் அழகாக இருப்பதாலேயே திரும்ப வருகின்றன, அர்த்தம் மாறி வருவதில்லை. ராவுலுக்கும் குரல் உண்டு, குணம் இல்லை. நியூயார்க் பிராட்வே நாடகங்களுக்குத் தரும் டோனி விருதுகளில் 1988இல் 'ஃபேன்டம்' சிறந்த இசை நாடகம் உள்பட 7 விருது வாங்கியபோதும், இசைக்கான விருது ஸ்டீஃபன் சோண்ட்ஹைமின் 'இன்டு த வுட்ஸ்'க்குப் போனது எனக்கு நியாயமாகவே படுகிறது.

'லெ மிசராப்ல்'இலும் குறை இல்லாமல் இல்லை. மாரியஸும் வால்ஜானின் வளர்ப்பு மகள் கொசெத்தும் பார்த்த மாத்திரத்தில் காதலிப்பது அவசரமாகத் தெரியும். அந்த ஜோடியைவிட, மாரியஸை ஒருதலையாகக் காதலித்து ஒதுங்கி நிற்கும் எப்போனின்தான் நெஞ்சில் நிற்கிறாள். இது பிரெஞ்சுப் புரட்சிக் கதை என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள். இல்லை, 1832 ஜூனில் நடந்து தோற்றுப்போன ஒரு சிறு கிளர்ச்சி. தோற்றவர்களின் கதை என்பதால்தான் அது இப்படிப் பிடித்துக்கொள்கிறது. லண்டனில் தொடங்கியபோது விமர்சகர்கள் பலர் இதை மட்டம் தட்டினார்கள், ரசிகர்கள்தான் காப்பாற்றினார்கள். தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதும் அல்ல. 1950இல் வந்த 'ஏழை படும் பாடு' படம் இதே நாவல்தான். அதில் அந்தப் போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமன் கடைசிவரை ஜாவர் சீதாராமனாகவே இருந்தார்.

இவற்றுக்குப் பின் வந்தவற்றில் 'விக்கெட்', 'ஹாமில்டன்' இரண்டையும் ரசிகர்கள் மோதவிடுகிறார்கள். எனக்கு இதில் குழப்பமே இல்லை. 2003இல் வந்த 'விக்கெட்' முதல் பாதி முடிவில் பச்சை நிறச் சூனியக்காரி எல்ஃபபா மேலே எழும்பும்போது அரங்கமே எழும்புகிறது. பிற்பாதி அந்த உயரத்துக்கு மறுபடி போவதில்லை. 2015இல் வந்த 'ஹாமில்டன்' சுழல்மேடையை எடுத்துக்கொண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையமாக்கி, காலத்தையே பின்னோக்கிச் சுழற்றுகிறது. நாயகன் ஹாமில்டனை மணக்கும் எலைசாவின் காதல் கதையாக நாம் பார்த்து மகிழ்ந்த அதே இரவை, மறுபடி ஓட்டி அக்கா ஆஞ்சலிக்காவின் இழப்பாகக் காட்டுகிறது. 11 டோனியும் புலிட்சர் விருதும் சும்மா வரவில்லை.

பாட்டு இல்லாத நாடகங்களில் இதே மாதிரி ஒரு போட்டி, 'தி மௌஸ்ட்ராப்'புக்கும் 'தி வுமன் இன் பிளாக்'குக்கும். முன்னது அகதா கிறிஸ்டியுடையது, 1952 நவம்பரில் லண்டனில் தொடங்கியது. கொலையாளி யார் என்று வெளியே சொல்லாதீர்கள் என்று முடிவில் பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது அழகான வழக்கம். ஆனால் ரகசியம் தெரிந்த பின் இரண்டாம் முறை போக எனக்குத் தோன்றியதில்லை. பின்னது பேய்க் கதை, அதில் பேசி நடிப்பவர்கள் இரண்டே பேர். ஒரு பிரம்புக் கூடை குதிரை வண்டியாகிறது, ரயில் பெட்டியாகிறது. இல்லாத நாய் ஒன்று ஓடி வருகிறது, நாம் நம்பிவிடுகிறோம். ஒரு சாய்வு நாற்காலி ஆளில்லாமல் தானாக ஆடுவதைப் பார்த்து அரங்கமே அலறுகிறது. அது லண்டன் வெஸ்ட் எண்டில் 2023 மார்ச்சில் நிறைவடைந்தது. அடுத்த மாதமே பிராட்வேயில் 'ஃபேன்டம்' 13,981 காட்சிகளோடு திரையிறக்கியது. ஒன்றில் டன் கணக்கில் சாமான், மற்றதில் ஒரு கூடை. இரண்டும் முப்பது வருடங்களுக்கு மேல் தாங்கின.

'ஃபேன்டம்' முடிவது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். அவன் தன் நாற்காலியில் உட்கார்ந்து போர்வையை இழுத்துக்கொள்கிறான். போர்வையை விலக்கினால் ஆள் இல்லை. நாற்காலியில் முகமூடி மட்டும். அத்தனை பிரம்மாண்டமும் கடைசியில் வந்து சேர்வது ஒரு காலி நாற்காலியில். மாரியஸ் தொடங்குகிற இடமும் அதுதான்.

முதன்முதலாக ஒருவரை அரங்குக்கு அழைத்துப் போவதென்றால் 'ஃபேன்டம்'முக்கு அழைத்துப் போவேன், மாடியின் முன்வரிசையில் உட்கார வைப்பேன். தரையில் மெழுகுவத்திகள் முளைப்பது அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும். இரண்டாம் முறை 'லெ மிசராப்ல்'. அதற்குக் கீழ்த்தளம், முகங்கள் தெரிகிற தூரத்தில். ஒத்திகை தொடங்கிய பிறகு லண்டனின் முதல் வால்ஜானான கோல்ம் வில்கின்சனின் குரலுக்காகவே எழுதிச் சேர்த்த அந்தப் பிரார்த்தனைப் பாட்டை, தூங்குகிற மாரியஸுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் மெல்லிய உச்ச ஸ்தாயியில் பாடும்போது, பாடுகிறவர் மூச்சு வாங்குவது தெரிய வேண்டும்.