எதிரியின் கோடாரி இனி என் கையில்: ‘ஏரியா ஆஃப் சாரோ’ ஆடிய அனுபவம்

வேலை முடிந்து, சாப்பிட்டு, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு கிடைக்கும் முக்கால் மணி நேரம்தான் எனக்கு கேம் ஆடும் நேரம். போன ஒரு மாதமாக அந்த நேரம் முழுவதும் ‘காசில்வேனியா: ஏரியா ஆஃப் சாரோ’வுக்கே போகிறது. 2003-இல் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க கேம் கருவிக்காக கொனாமி வெளியிட்ட ஆக்‌ஷன் ஆர்பிஜி (சண்டை போட்டபடியே பாத்திரத்தை வளர்க்கும் வகை) இது. தயாரிப்பாளர் கோஜி இகராஷி. இத்தனை வருடம் கழித்து ஆடியும், அசுரர்களைச் சேகரித்து அவர்களையே ஆயுதமாகவும் கவசமாகவும் அணிந்துகொள்ளும் யோசனையை இவ்வளவு சுத்தமாகச் செய்த வேறொரு கேமை நான் ஆடியதில்லை.

கதை நடப்பது 2035-இல். சோமா க்ரூஸ் என்ற மாணவன் சூரிய கிரகணத்தன்று டிராகுலாவின் கோட்டைக்குள் போய் விழுகிறான். கையில் இருப்பது ஒரு சின்னக் கத்தி. முதல் சண்டையில் சிறகு முளைத்த எலும்புக்கூடு ஒன்றைக் கொல்கிறான். அதன் உடலிலிருந்து அதன் ஆன்மா சிவப்பாக ஒரு ஒளி உருண்டையாகக் கிளம்பி, காற்றில் வளைந்து வந்து அவனுக்குள் புகுந்துவிடுகிறது. அவ்வளவுதான். அதன் ஈட்டி இனி அவனுடையது.

அந்த உருண்டையின் நிறத்தைப் பார்த்தே என்ன கிடைத்தது என்று சொல்லிவிடலாம். சிவப்பு என்றால் எறியும் தாக்குதல். மேல் பொத்தானோடு பி-யை அழுத்தினால் கொஞ்சம் எம்பி (மாயசக்திப் புள்ளி) செலவில் பாயும். நீலம் என்றால் ஆர் பொத்தானில் வேலை செய்யும் காவல் சக்தி. மஞ்சள் என்றால் மாட்டியிருக்கும் வரை சும்மாவே பலன் தரும். இந்த மூன்று வகைக்கும் தலா ஒரே ஒரு இடம்தான், ஒரு நேரத்தில் வகைக்கு ஒன்றைத்தான் மாட்டலாம். நான்காவது வகை வெள்ளி நிறம். டபுள் ஜம்ப், சறுக்கல் போன்ற அசைவுகளைத் தரும். அவை மட்டும் ஒன்றையொன்று விலக்காமல் எல்லாமே கூடவே இருக்கும்.

வெறும் மெனு விஷயமாகத் தெரியலாம். ஆடும்போது அப்படி இல்லை. கோடாரிக் கவசக்காரன் என்று ஒருவன் உண்டு. கனத்த இரும்பு உடம்பு, கையில் கோடாரி. முதலில் அவனிடம் நான் நிறைய அடி வாங்கினேன். எந்தத் தூரத்தில் நின்று எறிகிறான், எப்போது குதிக்க வேண்டும், எப்போது குனிய வேண்டும் என்று ஒவ்வொரு அடியிலும் கற்றுக்கொண்டேன். ஒருநாள் இரவு அவனை அடித்து வீழ்த்தியபோது சிவப்பு உருண்டை வந்தது. அடுத்த அறையில் அதே கோடாரியை நான் எறிந்தேன். அது எப்படிப் போகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, ஏற்கெனவே உடம்பில் பட்டுத் தெரிந்த பாடம். கடையில் வாங்கும் வாளுக்கு இந்த உறவு கிடையாது. அது யாரோ செய்த வாள். இது என்னை அடித்தவனின் கோடாரி.

அதனால்தான் புது எதிரி வந்தால் உடனே வெட்டாமல் ஒரு நிமிடம் நின்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இவனை அணிந்தால் என்ன ஆவேன் என்ற ஆவல். பரிமாறும் எலும்புக்கூடு ஒன்று தட்டில் குழம்போடு நடந்து வரும். அதன் ஆன்மா கிடைத்தால் சுடச்சுடக் குழம்பை வீசி எறியலாம்! அதைக் கண்டுபிடித்த இரவு பக்கத்து அறையில் இருந்த தம்பியை எழுப்பிக் காட்டினேன். பலம் பார்த்தால் அதைவிட நல்ல சிவப்பு ஆன்மாக்கள் இருக்கின்றன. ஆனாலும் ரொம்ப நேரம் அதைக் கழற்றவே இல்லை.

ஒரே இடம் என்ற கட்டுப்பாடு எவ்வளவு நல்ல முடிவு என்பது நிலத்தடி நீர்த்தேக்கத்துக்குப் போனபோது புரிந்தது. உண்டைன் என்ற எதிரியின் ஆன்மாவை மாட்டினால் தண்ணீரின் மேலேயே நடக்கலாம். ஸ்கூலா என்ற இன்னொரு எதிரியுடையதை மாட்டினால் உள்ளே மூழ்கி அடியில் நடமாடலாம். இரண்டும் மஞ்சள், அதனால் இரண்டையும் சேர்த்து அணிய முடியாது. தண்ணீரின் மேல் நின்றுகொண்டு, மெனுவைத் திறந்து, உண்டைனைக் கழற்றி ஸ்கூலாவை மாட்டி, திரும்பி வந்து பார்த்தால் சோமா மெல்ல அடியில் இறங்குகிறான். அதே இடம், அதே கோட்டை. நான் அணிந்தது மாறியதால் தரை மாறிவிட்டது.

குறைகளும் உண்டு. ஆன்மா விழுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சில அசுரர்கள் எத்தனை முறை செத்தாலும் தரமாட்டார்கள். அறையை விட்டு வெளியே போய், திரும்ப உள்ளே வந்து, கொன்று, மறுபடி வெளியே போய் என்று ஒரு முழு இரவும் ஒரே எதிரியிடம் போய்விட்டது. எல்லாவற்றையும் சேர்த்தால் எம்பி-யை மளமளவென்று நிரப்பும் கேயாஸ் மோதிரம் கிடைக்கும். ஆனால் அதற்குள் மோதிரத்தைப் போட்டு அடிக்க ஆள் பெரிதாக மிச்சம் இருக்காது. ஆன்மாவை மாற்ற ஒவ்வொரு முறையும் மெனுவுக்குப் போக வேண்டியிருப்பதும் அலுப்புதான்.

2005-இல் வந்த ‘டான் ஆஃப் சாரோ’ இதன் தொடர்ச்சி. அதில் ஒரே ஆன்மாவைத் திரும்பத் திரும்பச் சேர்த்தால் பலம் கூடும். யோகோ என்ற சூனியக்காரப் பாத்திரத்திடம் கொடுத்தால் ஆயுதத்தோடு கலந்து வேறு ஆயுதமாக்கித் தருவாள், ஆன்மா போய்விடும். அங்கே எனக்கு அசுரர்கள் சரக்காகத் தெரிய ஆரம்பித்தார்கள். எனக்கு ‘ஏரியா ஆஃப் சாரோ’தான் பிடிக்கிறது. ஒருமுறை கிடைத்தால் முழுதாகக் கிடைத்துவிட்டது, அப்புறம் அது நம்முடையது.

எதில் ஆடுவது என்று கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில வருடம் முன்பு ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் பழைய கேட்ரிட்ஜ் வாங்கினேன். போலி. நான்கு மணி நேரம் ஆடி சேவ் செய்தது மறுநாள் காணவில்லை. இப்போது ஆடுவது 2021-இல் வந்த ‘காசில்வேனியா அட்வான்ஸ் கலெக்‌ஷன்’. மொத்தம் நான்கு கேம்கள், அதில் இது ஒன்று. நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம், தவறினால் பின்னோக்கிச் சுற்றலாம். முக்கால் மணி நேரம் மட்டும் கிடைக்கும் ஆளுக்கு இது பெரிய உதவி.

கடைசியாக ஒன்று, கதையை உடைக்காமல் சொல்கிறேன். கோட்டையில் மூன்று பழைய புத்தகங்கள் கிடைக்கும். படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என்று குறிப்பிட்ட மூன்று ஆன்மாக்களை அணிந்து, கதையின் வில்லன் கிரஹாமை எதிர்கொண்டால்தான் உண்மையான முடிவுக்கு வழி திறக்கும். சோமா யார் என்ற கேள்விக்கு அவன் அப்போது மேலே மாட்டியிருப்பதே பதில் சொல்கிறது. முதல் முறை இது தெரியாமல் குழம்புத் தட்டோடு போய் கிரஹாமை வென்றுவிட்டேன், கதை பாதியில் நின்றது. முன்பு சேவ் செய்த இடத்துக்குப் போய், அந்த மூன்றையும் மாட்டிக்கொண்டு திரும்பப் போனேன். அன்று தூங்கும்போது மணி மூன்று.