குள்ளத் தவளை என்று சொல்லி நகத் தவளையைத் தலையில் கட்டுகிறார்கள், 6,400 ரூபாய் போச்சு!

நேற்று ராத்திரி அந்தத் தவளையை விற்ற கடைக்காரர்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். இனி அவர்களிடம் பேச வழியில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். மீன் தொட்டியில் தவளை விடும் எண்ணம் இருப்பவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து பஸ் பார்சலில் மீன் அனுப்புகிற கடை. பெயர் போடவில்லை, கோர்ட் கேஸ் என்று அலைய எனக்குத் தெம்பில்லை. ஆப்பிரிக்கன் ட்வார்ஃப் ஃப்ராக், அதாவது குள்ளத் தவளை வேண்டும், கப்பி மீன்களோடு விட்டால் ஒத்துப்போகுமா என்று தெளிவாகக் கேட்டேன். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது. "தாராளமா விடுங்கக்கா. ரெண்டு இன்ச்சுக்கு மேல வளராது. என் பொண்ணு இதைத்தான் வளர்க்கிறா, கப்பியோடதான் இருக்கு." கூடவே ஒரு வீடியோ. அந்தச் சின்னப் பெண் கண்ணாடியில் விரல் வைக்க, குட்டித் தவளை ஒன்று நீந்தி வருகிறது. பெற்ற பிள்ளையைக் காட்டி ஒருவன் பொய் சொல்வான் என்று யார் நினைப்பார்கள்? அப்போதே பணம் அனுப்பினேன். நான்கு தவளைக்கு 1,400, பார்சலுக்கு 500.

தெர்மாகோல் பெட்டியில், ஆக்சிஜன் அடைத்த கவரில், நான்கும் உயிரோடுதான் வந்தன. இரண்டு சாம்பல் நிறம், இரண்டு வெள்ளை. அப்புறம் கப்பிகள் ஒவ்வொன்றாகக் குறைய ஆரம்பித்தன. ஒரு ராத்திரி லைட்டைப் போட்டுப் பார்த்தால், வெள்ளைத் தவளை இரண்டு முன்கைகளாலும் என் சிவப்புக் கப்பியை வாய்க்குள் திணித்துக்கொண்டிருக்கிறது. வால் மட்டும் வெளியே துடிக்கிறது. இந்த இனத்துக்கு நாக்கு கிடையாது, கையால் தள்ளித்தான் தின்னும். ஜோடி ஜோடியாகப் பார்த்துச் சேர்த்த 4,500 ரூபாய் மீன்கள் இப்படியே போயின. மொத்தம் 6,400 ரூபாய்.

மீன் பண்ணை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர் போட்டோவைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். இது ஆப்பிரிக்க நகத் தவளை. பெண் தவளை 10, 12 சென்டிமீட்டர் வரை வளரும், 15 வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும், வாயில் அடங்கும் மீன் எதையும் விடாது. குள்ளத் தவளைக்கு முன்கால் விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கும். நகத் தவளைக்கு முன்விரல்கள் தனித்தனியாகப் பிரிந்திருக்கும், கண்கள் தலைக்கு மேலே இருக்கும். தினமும் இதையே விற்கிற கடைக்காரருக்கு இது தெரியாதா?

கேட்டதற்கு முதலில், "உங்க தண்ணி சரியில்லக்கா." அடுத்து, "சாப்பாடு அதிகமா போட்டுட்டீங்க, அதான் பெருசாயிடுச்சு." அப்புறம் அன்பாக்ஸிங் வீடியோ இருந்தால்தான் பேசுவார்களாம். செத்து வந்தால் வீடியோ கேட்கலாம், இனமே மாறி வந்ததற்கு எதற்கு வீடியோ? கடைசியாக ஓனர் ஊரில் இல்லை. 6,400 வேண்டாம், தவளைக்குக் கொடுத்த 1,400-ஐயாவது கொடுங்கள் என்றும் கேட்டுவிட்டேன். அதற்கு வந்த பதில்: "வேணாம்னா பக்கத்து ஏரியில விட்டுடுங்கக்கா."

காசு போனதைவிட இதுதான் எனக்கு ஆத்திரம். 1930-களில் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை செய்ய ஆய்வகங்களில் பயன்படுத்திய தவளை இது. அப்படி உலகம் முழுக்கப் போய், தப்பியதும் விட்டதுமாகக் கலிஃபோர்னியா, சிலி, பிரான்ஸ் நீர்நிலைகளில் பெருகிவிட்டது. தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் என்ற பூஞ்சையை, தான் நோய்ப்படாமலே சுமந்துகொண்டு திரியக்கூடியது. அதைப் போய் ஏரியில் விடு என்கிறார், உயிர்களை விற்றுப் பிழைக்கிற மனிதர்! நான் விடவில்லை. நான்கையும் மீன் இல்லாத தனித் தொட்டியில் வைத்திருக்கிறேன்.

வாங்குகிறவர்களுக்கு: முன்காலை க்ளோசப்பில் போட்டோ கேளுங்கள், விரல்களுக்கு நடுவே சவ்வு இல்லையென்றால் வேண்டாம். வெள்ளைத் தவளையைக் குள்ளத் தவளை என்று விற்றால் அநேகமாகப் பொய்தான். முடிந்தால் நேரில் போய்ப் பார்த்து வாங்குங்கள். குளோரின் போக்கிய தண்ணீர், இறுக்கமான மூடி கட்டாயம். தொட்டியில் கை விட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த வாய்ஸ் மெசேஜ், வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இதே மாதிரி கடையில் ஆர்டர் போட்டுக் காத்திருப்பவர்கள் தனி மெசேஜில் கேளுங்கள், அனுப்புகிறேன்.