கேம் கீ கார்டு: சேகரிப்பவரின் பார்வையில்

2025 ஜூனில் வெளியான நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 விளையாட்டுக் கருவியுடன் அறிமுகமான கேம் கீ கார்டு, பார்ப்பதற்கு வழக்கமான விளையாட்டுக் கார்டைப் போலவே இருந்தாலும் அதற்குள் விளையாட்டு இல்லை. முழுவதையும் இணையத்திலிருந்து பதிவிறக்கிய பிறகும், விளையாடும்போதெல்லாம் கார்டைச் செருகியே வைத்திருக்க வேண்டும். இதைப் பெட்டியின் முன்புறத்திலேயே அச்சிட்டிருப்பது நேர்மையான செயல். மறுவிற்பனை செய்யலாம், இரவல் தரலாம்.

ஆனால் சேகரிப்பவருக்கு அது போதாது. நிண்டெண்டோவின் பழைய கையடக்கக் கருவியான 3டிஎஸ்-இன் இணையக் கடையில் விற்பனை 2023 மார்ச் 27-இல் நின்றுவிட்டது. அலமாரியிலிருந்து எடுத்துச் செருகும் பழைய 3டிஎஸ் கார்டு இன்றும் யார் தயவுமின்றி இயங்குகிறது. பதிவிறக்கச் சேவை நிறுத்தப்பட்டால் கீ கார்டுக்கு அந்த ஆயுள் கிடையாது. சைபர்பங்க் 2077 விளையாட்டைப் போல, 64 ஜிபி கார்டிலேயே முழுமையாக வரும் பதிப்புகளையே தேடி வாங்குங்கள்.