ரேசிங் போஸ்ட் ரேஸ் கார்டு: கிராண்ட் நேஷனலுக்குப் போதுமா?

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குதிரை ரேஸ் பார்ப்பவர்கள் அதிகம் புரட்டுவது ரேசிங் போஸ்ட்டின் ரேஸ் கார்டை, அதாவது ஒவ்வொரு ரேஸிலும் ஓடும் குதிரைகளின் விவரப் பட்டியலைத்தான். 1986-இல் தொடங்கிய நாளிதழ். இப்போது தாளிலும் கிடைக்கிறது, செல்பேசியிலும் கிடைக்கிறது. எட்டுக் குதிரை ஓடும் சாதாரண சேஸுக்கு (தடை தாண்டும் ரேஸுக்கு) இது ஒன்றே போதும். இங்கிலாந்தின் ஏய்ன்ட்ரீ மைதானத்தில் ஏப்ரலில் நடக்கும் கிராண்ட் நேஷனல் மாதிரி ஒரு பெரிய ஹேண்டிகேப் ஸ்டீபிள்சேஸில் வைத்துப் பார்த்தால்தான் கார்டு எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பது தெரியும். எனவே இங்கே நேஷனல்தான் அளவுகோல்.

கிண்டியில் ரேஸ் புத்தகம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஹேண்டிகேப் கணக்கு புதிதல்ல. ரேட்டிங் ஏறினால் முதுகில் எடை ஏறும். இங்கே கிலோவுக்குப் பதில் ஸ்டோனும் பவுண்டும். 14 பவுண்டு ஒரு ஸ்டோன், ரேட்டிங்கில் ஒரு புள்ளிக்கு ஒரு பவுண்டு. நேஷனலில் உச்ச எடை 11 ஸ்டோன் 12 பவுண்டு, அதாவது சுமார் 75 கிலோ. கிண்டியில் இல்லாதது தாண்டல். நாலேகால் மைலுக்கும் சற்று அதிகமான தூரத்தில் 30 தாண்டல்கள். தடைகள் 16தான், இரண்டு சுற்று ஓடுவதால் 14 தடைகளை இருமுறை தாண்ட வேண்டும், 'சேர்' என்ற உயரமான தடையையும் தண்ணீர்த் தடையையும் ஒருமுறை மட்டும். 2024 முதல் ஓடும் குதிரைகளை 40-இலிருந்து 34 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

கார்டில் ஒவ்வொரு குதிரைக்கும் மூன்று எண்கள் இருக்கும். ஓஆர் என்பது அரசல் புரசலான கணிப்பு அல்ல. எடையைத் தீர்மானிக்கும் அதிகாரபூர்வ ரேட்டிங். ஆர்பிஆர் என்பது பத்திரிகையின் சொந்த மதிப்பீடு. மூன்றாவதான டாப்ஸ்பீடு, நேர அளவை வைத்துப் போடுவது. நீண்ட தூர சேஸில் முதல் சுற்றை மெதுவாக ஓடி, கடைசியில் மட்டும் வேகம் எடுப்பார்கள். அப்படி ஓடிய ரேஸின் நேரம் குதிரையைப் பற்றி அதிகம் சொல்லாது. நேஷனலுக்கு டாப்ஸ்பீடு கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடலாம்.

புதியவர்கள் சறுக்குவது ஆர்பிஆரில். பட்டியலில் எந்தக் குதிரைக்கு எண் பெரிதோ அதுதான் நல்ல குதிரை என்று நினைத்துவிடுகிறார்கள். ஹேண்டிகேப்பில் நல்ல குதிரையின் நன்மையை எடை தின்றுவிடும். பார்க்க வேண்டியது அது தன் ஓஆரைவிட எவ்வளவு மேலே ஓடியிருக்கிறது என்பதை. ஓஆர் 164 உள்ள குதிரை ஆர்பிஆர் 166-க்கு ஓடியிருந்தால் மிச்சம் 2 பவுண்டு. ஓஆர் 150 உள்ளது 158-க்கு ஓடியிருந்தால் மிச்சம் 8. தூரப் பந்தயத்தில் ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய ஒரு குதிரை நீளம் என்பதுதான் வழக்கமான கணக்கு. இரண்டாவது குதிரைக்கு ஆறு நீளம் சாதகம். கணக்குப் போடும்முன், நீங்கள் பார்க்கும் எண் அன்றைய எடைக்கு ஏற்பச் சரிசெய்ததா, பழைய ரேஸில் வாங்கிய அசல் எண்ணா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் எல்லாமே தப்பாகும்.

அடுத்து, குதிரையின் பழைய ரேஸ்களைத் திறந்து, கடைசியாக ஜெயித்தபோது ஓஆர் எவ்வளவு என்று பாருங்கள். 141-இல் ஜெயித்தது இன்று 152-இல் ஓடினால், அன்றைவிட 11 பவுண்டு நன்றாக ஓட வேண்டும். ஏழெட்டு வயதுக் குதிரைக்கு அது முடியும். பன்னிரண்டு வயதுக்கு முடியாது. 2015 முதல் 2025 வரை நடந்த பத்து நேஷனல்களிலும் (2020-இல் கொரோனாவால் நடக்கவில்லை) ஜெயித்த குதிரைகள் எல்லாம் 7 முதல் 9 வயதுக்குள். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் 11 வயதுக் குதிரைகள் ஜெயித்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். வயதை மட்டும் வைத்து எந்தக் குதிரையையும் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். ஆனால் வயதான குதிரையின் ஓஆர் இறங்கியிருந்தால் அதைச் சலுகை என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது சரிவு.

நேஷனலுக்கே உரிய ஒரு சிறப்பைக் கார்டு பெரிதாகக் காட்டுவதில்லை. எடையை பிப்ரவரியிலேயே அறிவித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு குதிரை எங்கே ஜெயித்தாலும் நேஷனல் எடை மாறாது. 2023-இல் கோராக் ராம்ப்ளர் மார்ச் மாதம் செல்டன்ஹமில் அல்டிமா ஹேண்டிகேப் சேஸை ஜெயித்தது. ஏப்ரலில் அதே 10 ஸ்டோன் 5 பவுண்டோடு ஃபேவரிட்டாக (பந்தயச் சந்தையில் அதிகம் நம்பப்படும் குதிரையாக), 8/1-இல் (ஒரு பவுண்டுக்கு எட்டு பவுண்டு லாபம் என்ற விலையில்) நேஷனலையும் ஜெயித்தது. 2019-இல் டைகர் ரோல் எடை அறிவித்த பிறகு நேவனில் ஹர்டில் ரேஸையும், செல்டன்ஹமில் கிராஸ் கன்ட்ரி சேஸையும் ஜெயித்துவிட்டுத்தான் வந்தது. இந்த இரண்டையும் சந்தை கவனித்துவிட்டது. 2025-இல் நிக் ராக்கெட் பிப்ரவரியில் ஃபேரிஹவுஸில் பாபிஜோ சேஸை ஜெயித்திருந்தும் 33/1-க்கு ஓடி ஜெயித்தது. பழைய ரேஸ் பட்டியலில் தேதி வரிசையாக இதெல்லாம் இருக்கிறது. பிப்ரவரி நடுவில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

தாண்டலைப் பற்றி எண்களைவிட எழுத்துகள் அதிகம் சொல்கின்றன. குதிரையே விழுந்தால் எஃப், ஜாக்கி மட்டும் தவறி விழுந்தால் யு, நடுவில் நிறுத்தினால் பி. இன்னொரு குதிரை விழுந்ததில் சிக்கி விழுந்ததற்குத் தனி எழுத்து உண்டு. அதைக் குதிரையின் குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எஃப் எந்தத் தடையில் என்பதை ஓட்ட வர்ணனையில் தேடுங்கள். கடைசித் தடையில் களைத்து விழுந்ததும், மூன்றாவது தடையிலேயே விழுந்ததும் ஒன்றல்ல. வலப்பக்கம் சாய்ந்து தாண்டும் குதிரை என்று வர்ணனை சொன்னால் அடிக்கோடிடுங்கள். ஏய்ன்ட்ரீ இடப்பக்கம் சுற்றும் மைதானம். 'கால்வாய்த் திருப்பம்' என்ற தடையைத் தாண்டியவுடன் கிட்டத்தட்ட செங்கோணத்தில் இடது பக்கம் மடங்க வேண்டும். அப்படிப்பட்ட குதிரை அங்கே இருமுறை இடம் இழக்கும்.

இதில் காலம் மாறியிருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2013-இல் தடைகளுக்குள் இருந்த மரச்சட்டங்களை எடுத்துவிட்டு வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் வைத்தார்கள். 2024-இல் முதல் தடையை ஸ்டார்ட்டுக்குப் பக்கமாக 60 கஜம் நகர்த்தினார்கள். அந்த ஆண்டு ஒரு குதிரைகூட விழவில்லை. குறைந்தபட்ச ரேட்டிங்கை 130 ஆக உயர்த்தியதும் அதே ஆண்டுதான். விழுவது குறைந்தால் அதிர்ஷ்டம் குறையும், தரம் பேசும். 1984 முதல் 2004 வரை 11 ஸ்டோனுக்கு மேல் சுமந்த குதிரை ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. பத்திரிகைகளில் இன்னமும் அந்தப் பழைய விதியை எழுதுகிறார்கள். 2024-இல் ஐ ஆம் மாக்ஸிமஸ் 11 ஸ்டோன் 6-இல் ஜெயித்தது, அடுத்த ஆண்டு 11 ஸ்டோன் 12-இல் இரண்டாவது வந்தது. அதை வென்ற நிக் ராக்கெட்டுக்கே 11 ஸ்டோன் 8. எடை அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குதிரையைப் பட்டியலிலிருந்து அடிப்பது இப்போது காசை விடுவதற்கு ஒப்பு.

தரையைப் பற்றிச் சுருக்கமாக: ஏப்ரலில் மழை இல்லாவிட்டாலும் தண்ணீர் பாய்ச்சி ஓரளவு இளக்கமாகவே வைத்திருப்பார்கள். சேற்றுத் தரையில் மட்டுமே ஜெயித்த குதிரைக்கும், காய்ந்த தரையில் மட்டுமே ஜெயித்ததற்கும் ஒரு பெருக்கல் குறி போடுங்கள்.

இதுவரை கார்டுக்கு நல்ல மதிப்பெண். பந்தய விலைக்கு வந்தால் கார்டு நின்றுவிடுகிறது. அதிலுள்ள உத்தேச விலை வெறும் ஊகம். அந்த விலைக்கு யாரும் பந்தயம் வாங்க மாட்டார்கள். நேஷனலில் பெரும்பாலோர் போடுவது ஈச்-வே: பாதிப் பணம் வெற்றிக்கு, பாதி இடத்துக்கு, அதாவது முதல் சில குதிரைகளுக்குள் வருவதற்கு. 16 குதிரையோ அதற்கு மேலோ ஓடும் ஹேண்டிகேப்பில் வழக்கமான விதி நான்கு இடம், விலையில் கால் பங்கு. நேஷனல் அன்று பந்தயம் வாங்கும் புக்கிகள் ஐந்து, ஆறு என்று இடத்தைக் கூட்டி விளம்பரம் செய்வார்கள்; கூடவே கால் பங்கை ஐந்தில் ஒன்றாக்கிவிடுவார்கள். லாபமா நஷ்டமா? 20/1 குதிரையில் இடத்துக்கு £5 போட்டால், கால் பங்கில் போட்ட பணத்தோடு £30 திரும்பும். ஐந்தில் ஒன்றில் £25. அதாவது இடம் பிடிக்கும் வாய்ப்பு 1.2 மடங்காவது ஆனால்தான் கட்டுப்படியாகும். 34 குதிரையில் சராசரிக் குதிரைக்கு நான்கிலிருந்து ஆறு இடமாகும்போது வாய்ப்பு ஒன்றரை மடங்காகிறது. கட்டுப்படியாகிறது. நான்கிலிருந்து ஐந்தானால் 1.25 மடங்கு, நூலிழைதான் மிச்சம்.

கூடுதல் இடத்தால் பலன் அதிகம் பெரிய விலைக் குதிரைகளுக்கு. ஃபேவரிட் ஓடி முடித்தால் பெரும்பாலும் முதல் நான்குக்குள்ளேயே வந்துவிடும். ஐந்தாம் ஆறாம் இடம் அதற்கு அதிகம் உதவாது, குறைந்த பங்கு மட்டும் கடிக்கும். 2025-இல் ஃபேவரிட்டான இரோக்கோ நான்காவது வந்தது. 13/2-இல் £5 ஈச்-வே, மொத்தம் £10, போட்டவருக்கு நான்கு இடம் கால் பங்கில் £13.12 திரும்பியிருக்கும்; ஐந்தில் ஒன்றில் £11.50தான். ஐந்தாவதாக வந்த மீட்டிங்ஆஃப்தவாட்டர்ஸில் போட்டவருக்கோ ஐந்து இடம் தந்த கடையில் மட்டுமே காசு.

இன்னொரு கண்கட்டு: ஆறு இடம் என்று எழுதிவிட்டு, பக்கத்துக் கடையில் 20/1 உள்ள குதிரைக்கு 16/1 தருவது. இடத்துக்கான £5 இப்போது £21 ஆகத்தான் திரும்பும். ஒன்றரை மடங்கு வாய்ப்பின் பலன் முக்கால்வாசி அங்கேயே போய்விட்டது. வெற்றிப் பக்கத்தில் நான்கு புள்ளி நஷ்டம் தனி. ஈச்-வே விதிகளை வரிசையாக வைத்து ஒப்பிடும் ஒரு கட்டம் கார்டுக்குள்ளேயே, குதிரையின் பெயருக்கு எதிரே இருந்தால் இதன் மதிப்பே வேறு.

விலகல் விதிகளையும் கார்டில் தேடாதீர்கள். இறுதிப் பட்டியலுக்குப் பிறகு ஒரு குதிரை விலகினால் ரூல் 4 வரும்: விலகியது 2/1 என்றால் லாபத்தில் ஒரு பவுண்டுக்கு 30 பென்ஸ் பிடிப்பார்கள், 6/1 முதல் 9/1 வரை 10 பென்ஸ், 10/1 முதல் 14/1 வரை 5 பென்ஸ், அதற்கு மேல் பிடித்தம் இல்லை. நேஷனலில் ஃபேவரிட்டே 7/1, 8/1 என்று இருப்பதால் இது பெரிய அடி அல்ல. பிப்ரவரி, மார்ச்சில் முன்கூட்டியே போடுவதுதான் ஆபத்து. குதிரை ஓடாவிட்டால் போட்ட பணம் போனதுதான், 'ஓடாவிட்டால் பணம் வாபஸ்' என்று கடை தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய.

போட்டிக்கு இருப்பது டைம்ஃபார்ம். ரேட்டிங்குக்குப் பக்கத்தில் குறி போடுவது அதன் பலம்: இன்னும் முன்னேறும் என்பதற்கு ஒரு குறி, தாண்டல் சரியில்லை என்பதற்கு ஒன்று, நம்ப முடியாத குணம் என்பதற்கு ஒன்று. நேரமில்லாதவர்களுக்கு அது வேகமான வழி. பழைய ரேஸ்களைத் தோண்டிப் பார்ப்பவர்களுக்கு ரேசிங் போஸ்ட்தான் வசதி. குதிரைகளைச் சலிக்க ஐந்துக்கு நான்கு, பந்தயம் போட ஐந்துக்கு இரண்டு என்பது இந்தக் கார்டுக்கு நியாயமான மதிப்பெண். நேஷனலுக்காக மட்டும் வாங்குகிறவர்கள் வியாழக்கிழமை 34 குதிரைகளின் இறுதிப் பட்டியல் வரும்வரை காத்திருக்கலாம். அதற்கு முன் வரும் கார்டுகளில் பாதிக் குதிரைகள் ஓடவே போவதில்லை.