90 எம்எம் மேக்ரோ லென்ஸ்: ரெண்டு ஜூலை மலைக்கு தூக்கிட்டு போனதுல தெரிஞ்சது

சுவிஸ்ல செர்மாட் பக்கம் ரிஃபெல்ஆல்ப் ஸ்டேஷன்ல (2,211 மீட்டர்) இறங்கி ஊர் வரைக்கும் நடந்தே வர்றதுதான் என் ரூட்டு, சின்னப் பொருள கிட்டப் போய் பெருசா எடுக்கற இந்த மேக்ரோ லென்ஸ தூக்கிட்டு போறதே ஒரு செடிக்காக, செம்பர்விவம் அராக்னாய்டியம். பாறை இடுக்குல கும்பலா ஒட்டிட்டு இருக்கும், ஒவ்வொரு உருண்டையும் கட்டைவிரல் நகம் சைஸ்தான், இலை நுனிக்கு நுனி சிலந்தி கட்டுன மாதிரி வெள்ளை நூல், நடுவுல தண்டு எழும்பி நல்ல ரோஸ் கலர்ல நட்சத்திரம் நட்சத்திரமா பூ.

ஷார்ப்னஸ் பத்தி பேச்சே இல்ல, அவ்ளோ அருமை. எஃப் 8ல (லென்ஸ் துளைய ஓரளவு சுருக்கி) எடுத்தத வீட்ல பெருசு பண்ணி பாத்தா ஒவ்வொரு நூலும் தனித்தனியா தெரியுது, ஒரு நூல்ல மாட்டிக்கிட்ட மகரந்தத் தூள் கூட. 1:1ல, அதாவது பூ அதோட நிஜ சைஸ்லயே கேமரா சென்சார்ல விழற அளவு கிட்டப் போனா, லென்ஸ் முனைக்கும் பூவுக்கும் நடுவுல ஒரு 13 செமீ கெடைக்குது (லென்ஸ் முன்னாடி மாட்டற வெயில் மறைப்பு, அந்த ஹூட கழட்டிடுங்க), அதனால செடி மேல சாய வேணாம், சுத்தி இருக்கற குட்டிச் செடிங்கள மிதிக்கவும் வேணாம்.

ஆனா ஆட்டோஃபோகஸ், அதுதான் என் வயித்தெரிச்சல். அந்த வெள்ளை நூல பாத்ததும் எத புடிக்கறதுன்னு தெரியாம முன்னாடி பின்னாடி ஓடிட்டே இருக்கு, முத வருஷம் அத நம்பி ஒரு அழகான கொத்த கோட்டை விட்டேன். இந்தச் செடில பூத்த உருண்டை விதை விட்டுட்டு செத்துடும், பக்கத்துல விட்ட குட்டிங்கதான் அப்புறம் வளரும். இந்த வருஷம் அதே பாறைக்கு தேடிப் போனா அந்த இடத்துல காஞ்ச தண்டு ஒண்ணுதான் நின்னுச்சு, மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

அதனால மேனுவல்ல போட்டுடுங்க. ஃபோகஸ் ரிங்க தொடாம உடம்ப மட்டும் மெதுவா முன்ன பின்ன அசைச்சு பத்து இருபது ஷாட் தட்டுங்க, துளைய இன்னும் சுருக்கி எஃப் 11 வச்சாலும் 1:1ல ஃபோகஸ்ல நிக்கறது ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான், அதுல காத்து வேற தண்ட ஆட்டும், நான் தொப்பிய காத்து வர்ற பக்கம் புடிச்சுக்குவேன். உச்சி வெயில்ல வெள்ளை நூல் வெளுத்துப் போயிடுது, எக்ஸ்போஷர (உள்ள விழற வெளிச்சத்த) முக்கால் ஸ்டாப் கொறைச்சா சரியா வருது.

இன்னொரு கொறை, மவுண்ட்ல, அதாவது லென்ஸ் கேமராவோட சேர்ற இடத்துல, தண்ணி புகாம தடுக்கற ரப்பர் சீல் இல்ல. மலைல மத்தியானத்துக்கு மேல திடீர்னு மழை புடிக்கும், பையில ஒரு பிளாஸ்டிக் கவர் கண்டிப்பா வச்சுக்கோங்க.