பெக்ஃபில்கிராஸ்டிம் ஊசி: இடுப்பு வலிக்கும், ஆனாலும் வாங்கலாம்

கீமோவில் குறைந்துபோகும் வெள்ளை அணுக்களை ஏற்றத்தான் இந்த ஊசி. முதல் கீமோவுக்கு எனக்கு இதைப் போடவில்லை. இரண்டாவதிலிருந்து போட்டார்கள். அதனால் போட்டால் எப்படி, போடாவிட்டால் எப்படி என்று இரண்டையும் சொல்ல முடியும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ரத்த ரிப்போர்ட் வந்தாலும் கை தானாகக் கால்குலேட்டருக்குத்தான் போகும். முதல் ரவுண்டு முடிந்த பிறகு வெள்ளை அணுக்கள் மொத்தம் 1,600, அதில் கிருமியோடு முதலில் மோதும் வகையான நியூட்ரோபில் 20 சதவீதம். ஆக 320. வார்டில் ஏ.என்.சி. என்று சொல்வது இந்தத் தொகையைத்தான். 1,500-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 500-க்குக் கீழே இறங்கிவிட்டால் வாய்ப்புண் வழியாகக்கூடக் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். எனக்கு 101 டிகிரி காய்ச்சல். வேறு அறிகுறி எதுவும் இல்லை. சீழ் கட்டவும் நியூட்ரோபில் வேண்டுமே! அட்மிஷன், ஆன்டிபயாடிக் டிரிப், மூன்று வேளையும் வேகவைத்த சாப்பாடு. அந்த பில்லைப் பார்த்த பிறகு ஊசியின் விலை பெரிதாகத் தெரியவில்லை.

ஊசிக்குள் இருப்பது சத்து டானிக் இல்லை, ஒரு சைட்டோகைன். கிருமி நுழைந்ததும் நம் அணுக்களே இந்தச் சின்னப் புரதங்களை வெளிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். மூன்றும் மூளைக்குச் சொல்லிக் காய்ச்சலை ஏற்றும். இன்டர்லூக்கின்-8, நியூட்ரோபில்களைத் தொற்று இருக்கும் இடத்துக்கு இழுத்து வரும். வைரஸ் என்றால் இன்டர்ஃபெரான்கள் பக்கத்து அணுக்களை உஷார்ப்படுத்தும். ஜி-சி.எஸ்.எஃப். என்பது எலும்பு மஜ்ஜைக்குப் போகும் புரொடக்‌ஷன் ஆர்டர்: நியூட்ரோபில் வேண்டும், ஓவர்டைம் பார்த்தாவது அனுப்பு. கீமோவில் அடிபட்டுக் கிடக்கிற மஜ்ஜைக்கு அந்த ஆர்டரை வெளியிலிருந்து கொடுப்பதுதான் இந்த ஊசி. கிருமியை இது நேரடியாகத் தொடுவதே இல்லை.

மஜ்ஜை அணுக்களை வளரவைக்கும் இந்தப் பொருட்களை ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டொனால்ட் மெட்கால்ஃப் 1960-களிலிருந்து துரத்திக்கொண்டிருந்தார். ஜி-சி.எஸ்.எஃப்.க்கான மனித மரபணுவை 1986-இல் பிரித்தெடுத்தார்கள். அதை மருந்தாக்கிய ஃபில்கிராஸ்டிம் 1991-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, 2002-இல் பெக்ஃபில்கிராஸ்டிம். இரண்டையும் தயாரிப்பது ஈ. கோலை பாக்டீரியாவை வைத்து. கிருமியை எதிர்க்கும் ஆளைக் கிருமியிடமே செய்து வாங்குகிறோம். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

இன்னும் பிடித்தது ஒன்று உண்டு. பழைய ஃபில்கிராஸ்டிம் சில மணி நேரத்தில் சிறுநீரகம் வழியாகக் கழிந்துவிடும்; தினமும் குத்திக்கொள்ள வேண்டும். பெக்ஃபில்கிராஸ்டிமில் கூடவே ஒரு பாலிமரை ஒட்டியிருப்பதால் அப்படிக் கழியாது. நியூட்ரோபில்கள்தான் அதை உள்ளே இழுத்து அழிக்கின்றன. கவுண்ட் குறைவாக இருக்கும்வரை மருந்து உடம்பில் நிற்கும், ஏறியதும் தானாகவே தீர்ந்துபோகும். ஒரு ரவுண்டுக்கு 6 மில்லிகிராம், ஒரே ஊசி.

0.6 மில்லிதான் மருந்து, சிரிஞ்சிலேயே நிரப்பி வருகிறது. கீமோ முடிந்து 24 மணி நேரமாவது கழித்துத் தொப்புளைவிட்டுத் தள்ளி வயிற்று மடிப்பில் போட்டார்கள். குத்தியது தெரியவே இல்லை. வலி பிறகு வந்தது. இடுப்பு எலும்பும் நெஞ்செலும்பும் உள்ளுக்குள் விண் விண் என்று தெறிக்கும். திரும்பிப் படுக்கக்கூட யோசிக்க வேண்டும். மஜ்ஜை அங்கேதான் மும்முரமாக வேலை செய்கிறதாம். பாராசிட்டமால் போடலாம் என்றார் டாக்டர். ஆனால் போடுவதற்கு முன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும்.

பலன்? அடுத்த ரவுண்டில் மொத்தம் 6,200, நியூட்ரோபில் 55 சதவீதம். 3,410! காய்ச்சல் வரவில்லை, அட்மிஷன் இல்லை. எல்லோருக்கும் இப்படியே அமையும் என்று சொல்லமாட்டேன். தொற்று வரும் வாய்ப்பைத்தான் குறைக்கிறது. எங்கள் அண்ணி அன்போடு வாங்கிவந்த ‘இம்யூனிட்டி’ பவுடரை ரிப்போர்ட் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். டப்பா அழகாக இருக்கிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து இது. ஒரு கடையில் உருகிப்போன ஐஸ் பேக்கோடு நீட்டினார்கள், வாங்காமல் வந்துவிட்டேன். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, குலுக்கவும் கூடாது. போடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறைகிறது. அட்டையில் இருக்கும் எம்.ஆர்.பி.யை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். ஒரே கம்பெனி ஊசி, எங்கள் ஊரிலேயே கடைக்குக் கடை ஆயிரக்கணக்கில் வித்தியாசம்.

வாராவாரம் கீமோ எடுப்பவர்களுக்கு இது சரிப்படாது. ஊசிக்கும் அடுத்த கீமோவுக்கும் நடுவில் 14 நாள் இடைவெளி கேட்கிறது. அப்படிப்பட்டவர்கள் தினசரி ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.