டிஸ்க் செத்துப் போச்சுன்னு 14,500 ரூபா வாங்கிட்டாங்க, லெப்டொப்ல விண்டோஸும் லினக்ஸும் வச்சிருக்கவங்க வாசிங்க

ராத்திரி முழுக்க தூக்கம் இல்ல, கோவத்துல எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

தங்கச்சி கேம்பஸ் கடைசி வருஷம். அவ லெப்டொப்ல விண்டோஸும் இருக்கு உபுண்டுவும் (லினக்ஸ்ல ஒரு வகை) இருக்கு, ப்ரொஜெக்ட் வேலை மொத்தமும் உபுண்டு பக்கம்தான். விண்டோஸ் அப்டேட் ஒண்ணு ஓடி முடிஞ்சதுக்கப்புறம், ஓன் பண்ணதும் எதுக்குள்ள போகணும்னு கேட்டு ஒரு மெனு வருமே அது வரவே இல்ல, நேரா விண்டோஸுக்கே போகுது.

தலவாக்கலையிலருந்து மழையில பஸ் ஏறி, லெப்டொப்ப ஜெக்கெட்டுக்குள்ள வச்சு ஹட்டனுக்கு கொண்டு போனேன். ஒரு கம்பியூட்டர் ரிப்பேர் கடை, பேர் போடல. எந்த தோட்டம் தம்பின்னு கேட்டாரு, சொன்னதும் எங்க மாமாவும் அங்கதான் ஃபெக்டரியில இருந்தாருன்னு சொல்லி ப்ளேன்டீ வேற வாங்கிக் குடுத்தாரு. அப்புறம் ஸ்க்ரீன என் பக்கம் திருப்பி விண்டோஸ்ல டிஸ்க் எப்படி பிரிஞ்சிருக்குன்னு காட்டுற டிஸ்க் மெனேஜ்மெண்ட்ட தொறந்து காட்டுறாரு. "பாருங்க தம்பி, இது சீ டிரைவ். இந்தப் பக்கம் பாதி டிஸ்க்குக்கு பேரும் இல்ல, சீ மாதிரி எழுத்தும் இல்ல, செத்துப் போச்சு, உள்ள இருந்தது எதுவும் வராது." நம்பிட்டேங்க. என் கண்ணால பார்த்தேன், நெசமாவே எழுத்து இல்ல. புது எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு எல்லாம் சேர்த்து 14,500 ரூபான்னாரு. அப்பா சீட்டுக் காச எடுத்துக் குடுத்தாரு. பில் துண்டு கேட்டேன், புக்கு முடிஞ்சிருச்சு அடுத்த தடவை தாறேன்னாரு.

கொழும்புல ஐடி வேலை பார்க்கிற கூட்டாளி லீவுக்கு வந்தவன் நேத்து பார்த்தான். பென் டிரைவ்ல உபுண்டு போட்டு டிஸ்க் எத்தன மணித்தியாலம் ஓடியிருக்குன்னு எடுத்தான், 4,000க்கும் மேல. அத புது டிஸ்க்குன்னு 14,500 ரூபாவுக்கு குடுத்திருக்காங்க! அதே பழைய டிஸ்க்க முழுசா போர்மட் அடிச்சு விண்டோஸ மட்டும் ஏத்தியிருக்காங்க. அந்த எழுத்தில்லாத பாதி செத்ததே இல்லையாம். உபுண்டு ஈஎக்ஸ்டி4 முறையில எழுதும், விண்டோஸுக்கு அத வாசிக்கத் தெரியாது, அதனால எழுத்து குடுக்காது, அவ்வளவுதான். பெரும்பாலும் அப்டேட்ல பூட் ஓர்டர், அதாவது ஓன் பண்ணதும் எது மொதல்ல ஓடணுங்கிற வரிசை, மாறி விண்டோஸ் மேல வந்திருக்கும், பயோஸுக்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி தொறக்கிற செட்டிங்ஸ்) போய் உபுண்டுவ மேல தூக்கி வச்சிருந்தா அஞ்சு நிமிஷ வேலைங்கிறான். மேல விண்டோஸ் எழுதிட்டதால அவன் தேடியும் கொஞ்சம் படம்தான் கெடச்சிச்சு, கோட் ஒண்ணும் வரல. தங்கச்சி அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

கடைக்கு எடுத்தா மொதல்ல "பொஸ் கொழும்புக்கு போயிட்டாரு", அப்புறம் "ஞாயித்துக்கிழமை வாங்க", அப்புறம் வாட்ஸ்அப்ல நீலக் கோடு விழுது பதில் இல்ல. கடைசியா அவரே எடுத்து "லினக்ஸ் எல்லாம் போட்டா அப்படித்தான் தம்பி, அதுக்கு நாங்க பொறுப்பில்ல" ன்னு வச்சிட்டாரு. 14,500 ரூபா வாங்கும்போது லினக்ஸ் தெரியலையா?

என்ன செய்யணும்னு விவரமா எழுதத்தான் நெனச்சேன், இப்ப முடியல. மெனு வரலன்னா கடைக்கு ஓடாம பயோஸ்ல பூட் ஓர்டர பாருங்க. அதுல உபுண்டுவே இல்லன்னா, உபுண்டு போட்ட பென் டிரைவ்லருந்தே லெப்டொப்ப ஓன் பண்ணி, மெனுவ சரி பண்ற பூட் ரிப்பேர்ங்கிற டூல ஓட்டலாம். பயோஸ்ல செக்யூர் பூட்ங்கிற பாதுகாப்பு செட்டிங்க தொடுறதுக்கு முன்னாடி பிட்லொக்கரோட (விண்டோஸ் டிஸ்க்க பூட்டி வைக்கிறது) 48 இலக்க ரிக்கவரி கீய எழுதி வச்சுக்கோங்க, அப்புறம் விண்டோஸ் அத கேக்கலாம். எழுத்தில்லாத டிரைவ போர்மட் பண்ணவான்னு விண்டோஸ் கேட்டா வேணாம்னு குடுங்க, கடைக்காரன் கேட்டாலும் வேணாம்னே சொல்லுங்க. துண்டு இல்லாம காசு குடுக்காதீங்க.

பாவனையாளர் அதிகாரசபை நம்பர் 1977, திங்கக்கிழமை எடுக்கப் போறேன். தங்கச்சி போன்ல இருந்த ஸ்க்ரீன்ஷொட்ட பார்த்து பார்த்து மொதல்லருந்து டைப் பண்ணிக்கிட்டு இருக்கா.